வாவியின் பாட்டும் வானத்தின் ஓசையும்

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடும் என்று கேள்விப்படாத தமிழர் ஈழத்தில் இலர். ஆனால், அந்தப் பாட்டைத் தம் காதாலே கேட்டவர் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் தொகை மிகச் சுருங்கிவிடும். கரையில் நின்றோருக்குத் தானாக வந்து கேட்கும் பாட்டன்று அது. சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட காலத்திலே, காற்று ஓய்ந்து வாவி கண்ணாடிபோற் கிடக்கும் நிலவிரவொன்றில், கல்லடிப் பாலத்தருகே தோணியில் அமர்ந்து, துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி மறுமுனையைக் காதோடு பொருத்திக் காத்திருத்தல் வேண்டும்.

அடியேனும் ஒருமுறை அவ்வாறு காத்திருந்தேன். முதல் அரைமணி நேரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்வதற்கில்லை, நிறையவே கேட்டது. தோணியின் அடிப்பலகையிலே சிற்றலை மோதும் ஓசை கேட்டது. பாலத்தின் மேற் செல்லும் வண்டிகளின் அதிர்வு கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'திம், திம்' என்று சீராக ஒலிக்கும் ஓர் ஓசை கேட்டது. இதுவே மீனின் பாட்டுப் போலும் என்று மகிழ்ந்து தோணிக்காரரிடம் கூறினேன். அறுபதைக் கடந்த அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார்.

"தம்பி, அப்படி இறுக்கிப் புடிச்சா உங்கட நெஞ்சடிதான் கேக்கும். தொட்டும் தொடாமலும் வைங்க."

அவர் சொன்னவாறே செய்தேன். சிறிது நேரத்தின் பின், யாழ் நரம்பொன்றை யாரோ மெல்ல வருடிவிட்டாற்போன்ற ஒலி துடுப்பின் வழியே ஏறி வந்தது. ஒன்று மறைய, வேறொன்று சற்றுத் தாழ்ந்த சுருதியில் எழுந்தது. அந்த இன்பத்தை வீட்டாருக்கும் காட்டும் ஆசையினால், கைத்தொலைபேசியைத் துடுப்பின் முனையிலே வைத்துப் பதிவு செய்தேன். வீடு சென்று கேட்டபோது ஏமாற்றமே மிஞ்சிற்று. அமைதியான வேளைகளில் 'உஸ்' என்ற கருவியின் சொந்த இரைச்சல் மேலெழுந்து நின்றது. தொலைவில் இயந்திரப் படகொன்று சென்ற வேளையிலோ, கருவி தன் செவியைத் தானே மந்தமாக்கிக்கொண்டது. படகு அகன்ற பின்னும் சில கணம் பாட்டின் சுவடே இல்லை. பாட்டு நிற்கவில்லை என்பதற்கு என் காதே சாட்சி. கருவியின் வலு மட்டம் இடந்தவறி நின்றமையால் அது பதிவாகாது போயிற்று, அவ்வளவே.

இந்தச் சிறு ஏமாற்றம், வேறொரு துறையில் உழைப்போரின் பெருங்கவலை எத்தகையது என்பதை எனக்கு உணர்த்திற்று. விண்மீன்களிலிருந்தும் பால்வீதியிலிருந்தும் வரும் வானொலி அலைகளைச் செவிமடுக்கும் றேடியோத் தொலைகாட்டிகளை இயக்குவோரையே குறிப்பிடுகிறேன். சமிக்ஞையை எவ்வளவு பெருக்குவது, எவ்விடத்தில் பெருக்குவது, எவ்விடத்தில் அடக்குவது என்பதே அவர்கள் நாள்தோறும் விடை காணவேண்டிய வினா.

மட்டக்களப்பின் பாட்டைப் பிறநாட்டார்க்கு எழுத்திலே அறிவித்தவர்களில் முன்னோடி, இலங்கை அரசின் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் ஆவார். 1848ஆம் ஆண்டு செப்டெம்பரிலே இங்கு வந்து, தோணியிலிருந்தே அதனைக் கேட்டார். மீனன்று, சிப்பி இனமே பாடுகிறதென்பது அவர் கருத்து. காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் அரங்கேறிய தமது 'யாழ் நூலில்' இவ்வாவியின் இசைக்கு இடமளித்துள்ளார். 1950களில் மட்டக்களப்பிலிருந்த அமெரிக்க இயேசுசபைக் குருமார் நீரினுள்ளே ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவு செய்தனர். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. மீனா, ஊரியா என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. நீரிலிருந்து நிமிர்ந்து வானத்தை நோக்குவோம்.

1930களின் தொடக்கத்திலே ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளம் பொறியியலாளர், கடல்கடந்த தொலைபேசிக்கு இடையூறு செய்யும் இரைச்சல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இடிமுழக்கங்களால் விளையும் இரைச்சலைப் பிரித்தெடுத்த பின்னரும், மெல்லிய சீறல் ஒன்று எஞ்சிற்று. அது நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி உச்சமடைந்தது. இருபத்து மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம் என்பது விண்மீன்களின் நாளன்றோ! ஆகவே அது சூரியனிலிருந்து வருவதன்று, பால்வீதியிலிருந்தே வருகிறது என்று 1933இல் அவர் அறிவித்தார். வானொலி வானியலின் பிறப்பு அதுவே.

அவர் பெயரையே இத்துறையினர் தம் அளவுக்கும் இட்டுள்ளனர். ஒரு ஜான்ஸ்கி என்பது, ஒரு சதுர மீற்றர் பரப்பில், மீடிறனின் ஒவ்வொரு ஹேர்ட்ஸிலும், ஓர் உவாற்றைப் பத்தின் இருபத்தாறாம் அடுக்கால் வகுத்தால் எஞ்சும் வலு. இதன் சிறுமையை மனத்திற் கொள்வது அரிது. நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைத்தொலைபேசியைச் சந்திரனிலே வைத்துப் பேசினால், பூமியிலுள்ள தொலைகாட்டிகளுக்கு அது வானத்து மூலங்களில் மிகப் பெரும்பாலானவற்றை மங்கச் செய்யும் பேரொளியாகத் தோன்றும். அவ்வளவு நலிந்த அலைகளைத்தான் இவர்கள் தேடுகிறார்கள்.

தமிழர் வாழும் மலையொன்றிலேயே இத்தேட்டம் அரைநூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அண்மையிலுள்ள முத்தோரையிலே, பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் 1970ஆம் ஆண்டு ஒரு றேடியோத் தொலைகாட்டி இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீற்றர். அகலம் 30 மீற்றர். அவ்விடம் புவிநடுக்கோட்டுக்கு ஏறத்தாழப் 11 பாகை வடக்கேயுள்ளது. மலைச்சரிவும் அதே அளவு சாய்ந்திருக்குமாறு தேடிப் பிடித்தனர். அதனால் தொலைகாட்டியின் நெடிய அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிவிட்டது; ஓர் அச்சிற் சுழற்றினாலே விண்மீனை மணிக்கணக்காகத் தொடரலாம். 24 பரவளைவுச் சட்டங்களின்மேல் 1100 துருவேறா உருக்குக் கம்பிகளைத் தென்வடலாக இழுத்துக் கட்டியுள்ளனர். அவை தெறிக்கும் அலைகளை, குவிகோட்டில் வரிசையாக நிற்கும் 1056 இருமுனைக் கம்பிகள் ஏற்கின்றன. யாழைக் கண்டவர்கள் இதைக் கண்டால் ஒப்பிடாமல் இரார்.

இந்தக் கம்பிகளில் ஏறிய அலை எத்தகைய வழியே போகிறதென்று பார்ப்போம். முதலிலே விரியலாக்கி அதனைப் பெருக்குகிறது. பின்பு மீடிறன் குறைக்கப்படுகிறது. வடங்களின் வழியே கட்டுப்பாட்டு அறைக்கு வருகிறது. மீண்டும் பெருக்கம்; வடித்தல்; இறுதியில் இலக்கமாக்கி என்னும் கருவி அதனை எண்களாக்கிக் கணினியிடம் ஒப்படைக்கிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனது சொந்த இரைச்சலையும் சேர்த்துவிடுகிறது. துடுப்பிலே காதை வைத்தவனுக்குத் தன் நெஞ்சடி கேட்டதுபோலத்தான் இதுவும்.

ஆகவே முதல் விதி: பெருக்க வேண்டியதை வாசலிலேயே பெருக்கு. முதல் விரியலாக்கி, குறைந்த இரைச்சலோடு போதிய மடங்கு பெருக்கிவிட்டால், பின்வரும் கண்ணிகள் சேர்க்கும் இரைச்சல் பொருட்படுத்தத் தக்கதாயிராது. வடத்திலே நலிந்த பின்னர் பெருக்கினாலோ, நலிவும் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். இழந்ததை எந்த விரியலாக்கியும் மீட்டுத் தராது. உதகைத் தொலைகாட்டியே இதற்குச் சான்று. முன்பு கம்பிகள் திரட்டிய அலை வடங்களைக் கடந்த பின்னரே பெருக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்திலே, 1056 இருமுனைக் கம்பிகளுக்கும் 1056 சிற்றிரைச்சல் விரியலாக்கிகளை ஒன்றுக்கொன்றாகப் பொருத்தினர். அலையைத் தெறிக்கும் கம்பி ஒன்றுகூட அதிகரிக்கவில்லை. ஆயினும் தொலைகாட்டியின் கூர்மை பன்மடங்கு உயர்ந்துவிட்டது.

அவ்வாறாயின், வாசலிலேயே இயன்றமட்டும் பெருக்கிவிட்டாலென்ன என்று மாணவர் கேட்பர். நியாயமான கேள்வி. விடைக்குச் சிறிது கணக்குத் தேவை.

மகாராட்டிரத்திலே நாராயண்காவ் என்னும் ஊருக்கு அண்மையில், அதே ஸ்வரூப் அவர்களின் முயற்சியால் அமைந்த மாபெரும் மீற்றர் அலைத் தொலைகாட்டியில் 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் உள்ளன. அத்தகைய கிண்ணமொன்றின் பயன்தரு பரப்பை ஆயிரம் சதுர மீற்றர் என்று கொள்வோம். கருவியின் இரைச்சலும் வானத்தின் பொது இரைச்சலும் சேர்ந்து 100 கெல்வின் வெப்பநிலைக்கு ஒப்பென்றும், 10 மெகாஹேர்ட்ஸ் அகலமான அலைப்பட்டையை ஏற்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். இரைச்சலின் வலு, ஓர் உவாற்றை நூறு இலட்சம் கோடியால் வகுத்தால் வருவதிலும் சற்றுக் கூடியது. இலக்கமாக்கிக்கோ ஓர் உவாற்றின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேண்டுமென்று கொண்டால், ஏறத்தாழ எழுநூறு கோடி மடங்கு பெருக்கம் தேவைப்படுகிறது. இவ்வளவு பெரிய எண்களை எழுதிக் களைத்துப் போகாதிருக்கவே பொறியியலாளர் தெசிபெல் என்னும் அளவைக் கையாளுகின்றனர். 3 தெசிபெல் ஏறினால் வலு இரட்டிக்கும்; 10 ஏறினால் பதின்மடங்கு; 30 ஏறினால் ஆயிரமடங்கு. நமது எழுநூறு கோடி, 98 தெசிபெல்லுக்கு மேலே சற்று.

இனி, ஒரு ஜான்ஸ்கி வலுவுள்ள விண்பொருள் அக்கிண்ணத்தின் முன்னே வந்தால் எவ்வளவு கூடும்? 100 கெல்வினோடு ஒரு கெல்வினில் மூன்றிலொரு பங்குதான். சீறலின் அளவு முந்நூற்றிலொரு பங்கு ஏறுகிறது, அவ்வளவே! இடைவிடாது ஒரு வினாடி சராசரி கண்டால், இரைச்சலின் தடுமாற்றம் 100 கெல்வினில் மூவாயிரத்திலொரு பங்காக ஒடுங்கும். அப்போது விண்பொருள் தெளிவாகத் தலைகாட்டும். ஆனால், அந்த ஒரு வினாடியில் விரியலாக்கியின் பெருக்கம் நூற்றுக்கு ஒன்று அசைந்துவிட்டாலும், விண்பொருள் தந்த ஏற்றத்தைப்போல் மூன்று மடங்கு பொய்யேற்றம் தோன்றிவிடும். வலுவைச் சரியாக அமைப்பதோடு, அமைத்த இடத்தில் அசையாது நிறுத்துவதும் வேண்டுமென்பது இதனாற் புலப்படும்.

இப்பொழுது மிகையாகப் பெருக்கினால் நேரும் கேட்டைக் காண்போம். எந்த விரியலாக்கிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதனை நெருங்கும்போது, உள்ளே வருவது இரட்டித்தாலும் வெளியே வருவது இரட்டிக்காது. தலை தட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அத்தோடு நின்றாலும் பொறுக்கலாம். இரண்டு வலிய ஒலிபரப்புகள், 100 மெகாஹேர்ட்ஸிலும் 101 மெகாஹேர்ட்ஸிலும் வருவதாகக் கொள்வோம். நெரிபட்ட விரியலாக்கி அவற்றைக் குழப்பி, 99இலும் 102இலும் ஒருவரும் அனுப்பாத பொய்ச் சமிக்ஞைகளைப் பிறப்பிக்கும். விண்மீனைத் தேடுபவன் இந்தப் பேயலைகளை நம்பி ஏமாறுவான். ஊர்தோறும் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்துவிட்ட இக்காலத்திலே, வானம் அமைதியாயிருந்தாலும் அயலூர் அமைதியாயிராது. எனவே, அயலாரின் கூச்சல் திடீரென்று ஏறினாலும் முட்டாதவாறு தலைக்குமேல் இடம் விட்டே வலுவை அமைக்கின்றனர். சூரியனைப் பார்க்கவேண்டிய நாளில் கதை முற்றாக மாறிவிடுகிறது. அது சாதாரண மட்டத்தைப் பல நூறு மடங்கு, சில அலைநீளங்களில் ஆயிரம் மடங்கு வரை உயர்த்திவிடும். ஆகையால் மராட்டியத் தொலைகாட்டியிலே சூரியனுக்கென்றே நலிவாக்கிகளைத் தனியே வைத்திருக்கிறார்கள்.

மட்டக்களப்பாருக்கு இதனை விளக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. மாரிகாலத்திலே வாவி நிரம்பி, படுவான்கரை வயல்களுக்குள் நீர் ஏறத் தொடங்கும்போது, முகத்துவாரத்து மணல்மேட்டை எப்போது வெட்டுவது என்ற வாதம் எழும். பிந்தி வெட்டினால் நெல் அழுகும். முந்தி வெட்டினால் வாவி வடிந்து கடலுப்பு உள்ளேறும். வயற்காரருக்கு ஒரு மட்டம் உகந்தது, வலைகாரருக்கு வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு மட்டத்தைத் தேர்ந்து, அதைக் காத்திருந்து வெட்டுவதில்தான் திறமை இருக்கிறது.

இலக்கமாக்கியின் வாசலிலே அந்த நடுமட்டத்தைக் கணக்கிட்டே கூறிவிடலாம் என்பது வியப்பான செய்தி. முற்காலத்து இலக்கமாக்கி ஒரே கேள்விதான் கேட்கும்: அலை இக்கணம் மேலேயா, கீழேயா? எவ்வளவு மேலே என்று கேளாது. இவ்வளவு முரட்டுத்தனமாக அளந்தாலும், தகவலின் கூர்மையில் நூற்றுக்கு 64 பங்கு எஞ்சுகிறது. நான்கு படிகளில் அளந்தால் 88 பங்கு வரை பெறலாம். ஆனால் ஒரு நிபந்தனை: படிகளின் எல்லைக்கோடு, இரைச்சலின் சராசரி வீச்சளவிலேயே நிற்கவேண்டும். வலுவை மிகக் குறைத்துவிட்டால் அலை நடுவிலுள்ள இரண்டு படிகளைத் தாண்டாது. மிக உயர்த்திவிட்டால் வெளியிலுள்ள இரண்டு படிகளிலேயே குதித்துக்கொண்டிருக்கும். இரண்டு வழியிலும் நான்கு படி இரண்டு படியாகச் சுருங்கி, 88 பங்கு பழைய 64க்கே வந்துவிடும்! குறைத்தவனும் கூட்டியவனும் ஒரே நட்டத்தையே அடைகிறார்கள்.

இக்காலத்து 8 பிட் இலக்கமாக்கியில் 256 படிகள் இருப்பதால் தாராளம் அதிகம். இரைச்சலின் சராசரி வீச்சை இருபது, முப்பது படிகளுக்குள் நிறுத்தினால், மேலும் கீழும் நான்கு மடங்குக்கு மேல் இடமிருக்கும். இயற்கை இரைச்சல் நான்கு மடங்கை மீறுவது ஏறத்தாழப் பதினாறாயிரம் தடவைக்கு ஒரு முறையே. எஞ்சிய இடமெல்லாம் எதிர்பாராத விருந்தாளிக்காக.

எதிர்பாராத விருந்தாளி ஒருவர் வந்தே விட்டார். 2001ஆம் ஆண்டு ஜூலை 24ஆந் திகதி, அவுஸ்திரேலியாவிலே பார்க்ஸ் என்னுமிடத்திலுள்ள 64 மீற்றர் தொலைகாட்டி, சிறு மகலன் முகிலின் திசையில் துடிவிண்மீன்களைத் தேடிக்கொண்டிருந்தது. ஐந்து மில்லிவினாடிக்கும் குறைந்த நேரம் ஒரு வெடிப்பலை வந்து மறைந்தது. எவரும் அன்று அதனைக் காணவில்லை. பதிவுகளைத் துருவிய டங்கன் லோரிமர் குழுவினர் 2007இலே அதனை உலகுக்கு அறிவித்தனர். விரைவு வானொலி வெடிப்பு என்று இன்று வழங்கும் விந்தையின் முதற் சான்று அது. இப்போது அத்தகையன ஆயிரத்துக்கு மேல் அறியப்பட்டுள்ளன.

நமக்கு வேண்டியது அதிலுள்ள ஒரு சிறு செய்தி. அத்தொலைகாட்டிக்கு 13 கண்கள். அவற்றின் பின்னே மேலா கீழா என்று மட்டும் கேட்கும் ஒரு பிட் இலக்கமாக்கிகள். நலிந்த துடிவிண்மீன்களுக்கென்று அமைத்த அந்த மட்டத்துக்கு வெடிப்பு மிக வலிதாயிருந்தது. நேரே ஏற்ற கண் நிறைந்து வழிந்துவிட்டது! உண்மையில் எத்துணை வலிது என்று அந்தக் கண்ணினாற் சொல்ல இயலவில்லை. ஓரத்திலே மங்கலாக ஏற்ற அயற்கண்களின் பதிவைக்கொண்டே 30 ஜான்ஸ்கி அளவிலிருக்கலாம் என்று மதிப்பிட்டனர். அயற்கண்கள் இல்லாதிருந்தால் அந்த மதிப்பீடும் இல்லை. வானம் இரண்டாந் தடவை பாடிக் காட்டுவதில்லை அல்லவா?

இவ்வளவு தொல்லைக்கும் தானியங்கி ஒன்றை வைத்துவிட்டாலென்ன? வைத்திருக்கிறார்கள். மராட்டியத் தொலைகாட்டியிலே மட்டத்தைத் தானே ஏற்றியிறக்கிச் சீராக்கும் உறுப்பு உண்டு. வேறு பல வேலைகளுக்கு அது நன்மையே. ஆனால் துடிவிண்மீனைக் கேட்கும்போது அதனை நிறுத்திவிடுவர். விண்மீன் துடிக்கும்போது 'மட்டம் ஏறிவிட்டது' என்று அடக்குவதும், ஓயும்போது 'இறங்கிவிட்டது' என்று உயர்த்துவதுமாக, அந்தத் தானியங்கி துடிப்பையே அழித்துவிடும். என் கைத்தொலைபேசி தோணியிலே செய்த குற்றமும் இதுவே என்று பிற்பாடுதான் விளங்கிற்று.

அடுத்த நிறைமதிக்கு மீண்டும் கல்லடிக்குச் சென்றேன். இம்முறை தானியங்கி மட்டத்தை நிறுத்தக்கூடிய சிறு ஒலிப்பதிவுக் கருவியொன்றை இரவல் வாங்கிக்கொண்டேன். துடுப்பை நீரில் அடித்து, அந்த அடியின் உச்சம் வரம்பைத் தொடாதவாறு மட்டத்தைக் கையாலே நிறுத்தி, பின்பு ஒருமணி நேரம் தொடாமலே விட்டுவிட்டேன். படகும் வந்தது, போயிற்று, பாட்டு அறுபடவில்லை. செவிப்பொறியைப் பெரியவரின் காதிலே மாட்டினேன். கண்களை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார்.

"நம்மட மீன்தான் தம்பி," என்றார். "ஆனா தண்ணிச் சத்தத்தையும் சேத்தெல்லோ புடிச்சிரிக்கீங்க!"